ஸீகாஷ் நாணயமும் விதி மாறும் நாளுக்குரிய முன்னேற்பாடும்

தோற்றுவாய்

ஒரு நாட்டில் வழங்கும் நாணய முறையை மாற்றுதல் எளிய செயலன்று. இந்திய நாட்டில் ரூபாய், அணா, பை என வழங்கிய பழைய முறை நீங்கி, ரூபாய் ஒன்றுக்கு நூறு பைசா என்னும் பதின்ம முறை 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய சட்டமோ 1955-ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. சட்டம் ஒரு நாள் பிறந்து, பயன் மற்றொரு நாள் தொடங்கியது ஏன்? கோடிக்கணக்கான மக்கள் ஒரே நாளில் ஒரே முறைக்கு மாறவேண்டுமாயின், அந்நாள் முன்கூட்டியே குறிக்கப்படவும் வேண்டும். அந்நாளை நோக்கி யாவரும் ஆயத்தமாகவும் வேண்டும் என்பதே காரணம். நாள் குறித்தது அரசாங்கம். மக்கள் மாறியதும் அரசாங்கத்தின் ஆணைக்கு அடங்கியே.

இனி, அரசாங்கமே இல்லாததொரு நாணயத்தை எண்ணிப் பார்ப்போம். அதனை அச்சிடும் சாலை இல்லை. ஆணையிடும் அதிகாரியும் இல்லை. உலகின் பல மூலைகளில் வாழும், ஒருவரையொருவர் அறியாத மக்கள், தத்தம் கணினிகளில் ஒரே கணக்கைப் போற்றி வருவதனாலேயே அது நாணயமாய் நிலவுகின்றது. அத்தகைய நாணயத்தின் விதியொன்றை மாற்ற நேரின், நாள் குறிப்போர் யார்? குறித்த நாளில் அனைவரும் ஒருங்கே மாறுவதற்கு உறுதி யாது? மாறாதவர் கதி என்ன? இவ்வினாக்களுக்கு ஸீகாஷ் என்னும் நாணயம் 2018-ஆம் ஆண்டில் கண்ட விடையே இக்கட்டுரையின் பொருளாகும். நாணயத்தின் விலையுயர்வு தாழ்வுகளைப் பற்றியோ, அதனை வாங்குவது நன்றா தீதா என்பதைப் பற்றியோ ஈண்டு யாம் ஒன்றும் கூறப் புகவில்லை.

ஸீகாஷ் என்பது யாது?

2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஸதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடைய ஒருவரால் பிட்காயின் தொடங்கப்பெற்றது. அதன் அடிப்படை ஒரு பேரேடு. இன்னார்க்கு இன்ன தொகை சென்றது என்னும் செய்தி முழுவதும் அப்பேரேட்டில் எழுதப்படும். யாவரும் அதன் படியொன்றைத் தம் கணினியில் வைத்துச் சரிபார்க்கலாம். பேரேட்டின் ஒவ்வொரு பகுதியையும் பிளாக் என்பர். ஒரு பிளாக்கின்மேல் மற்றொன்றாக அவை தொடர்ந்து செல்வதால் முழுமையும் பிளாக்செயின் எனப்படும். நாம் இக்கட்டுரையில் பிளாக்கை 'ஏடு' என்றும், அது எத்தனையாவது ஏடு என்பதனை 'ஏட்டெண்' என்றும் வழங்குவோம்.

யாவரும் சரிபார்க்கத் திறந்திருக்கும் பேரேடு, யாவரும் ஒற்றாடத் திறந்திருக்கும் பேரேடுமாகும். பிட்காயின் ஏட்டில் ஆட்பெயர் இல்லை. முகவரி எண்களே உள்ளன. ஆயினும் ஒரு முகவரி இன்னாருடையது என்று ஒருகால் வெளிப்பட்டுவிடின், அம்முகவரியின் வரவு செலவு முழுவதும் வெட்டவெளிச்சமாகிவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே ஸீகாஷ். இது 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள் தோன்றியது. பிட்காயினைப் போலவே மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் இதிலும் உண்டாக வழியில்லை. ஆனால் இதில் இருவகை முகவரிகள் உண்டு: ஒருவகை பிட்காயினைப் போல் வெளிப்படையானது, மற்றொருவகை மறைவானது. மறைவான முகவரிகளிடையே பணம் செல்லும்போது அனுப்பியவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றும் ஏட்டில் தோன்றுவதில்லை.

தொகையே தெரியாதபோது கணக்குச் சரியென்று எவ்வாறு அறிவது என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதற்குத் துணையாவது, பொருளை வெளியிடாமலே அதன் உண்மையை மட்டும் நிலைநாட்டும் ஒருவகைச் சான்று. இக்கருத்தினை ஷாஃபி கோல்டுவாஸர், ஸில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப் என்னும் மூவர் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பூட்டிய பெட்டியொன்றின் மூடியில் சிறு துளை உளது. பெட்டியின் திறவுகோல் தன்னிடம் உண்டென்கிறான் ஒருவன். ஆனால் அதனைக் காட்ட மறுக்கிறான். நீவிர் ஒரு சீட்டில் உமக்குத் தோன்றிய சொல்லை எழுதித் துளையின் வழியே உள்ளே இட்டு அப்பாற் செல்கிறீர். திரும்பி வருகையில் அவன் அச்சொல்லைக் கூறுகிறான். பத்து முறை செய்யினும் பத்து முறையும் பிழையாது கூறுகிறான். திறவுகோலை நீவிர் கண்டீரல்லீர். ஆயினும் அஃது அவனிடம் உண்டென்பதில் உமக்கு ஐயமில்லை. இவ்வாறே ஸீகாஷில் பணம் அனுப்புவோன், 'நான் செலவிடும் தொகை என்னிடம் உண்மையில் உண்டு. முன் செலவிட்டதை மீண்டும் செலவிடவில்லை. வரவும் செலவும் ஒத்திருக்கின்றன' என்பதற்குக் கணிதச் சான்று தருகின்றான். கணினிகள் அச்சான்றை மட்டும் சோதித்து ஏற்கின்றன.

இதனின்று ஒன்று தெளிவாகின்றது. இந்நாணயத்தின் நேர்மை முழுவதும் அச்சான்றின் உறுதியையே பற்றி நிற்கின்றது. சான்றில் ஓட்டை இருப்பின் கள்ள நாணயம் பிறக்கும். பிறந்ததை ஒருவரும் காணார். இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

விதி மாற்றத்தின் இடர்

நிற்க. விதியை மாற்றுவதில் உள்ள இடர் யாதென ஆராய்வோம். பேரேட்டைப் போற்றும் கணினிகள் அனைத்தும் ஒரே மென்பொருளை, அதாவது ஒரே விதித் தொகுதியை, பின்பற்ற வேண்டும். புது விதி கொண்ட கணினி ஏற்கும் ஏட்டைப் பழைய விதி கொண்ட கணினி தள்ளிவிடுமாயின், பேரேடு அவ்விடத்தில் இரண்டாகக் கிளைக்கும். ஒரே நாணயம் இரு நாணயங்களாகும்.

இது வெறும் அச்சமன்று, நிகழ்ந்த செய்தி. எத்தீரியம் என்னும் நாணயத்தில் 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெருங்களவொன்று நிகழ்ந்தது. அதனை மாற்றியமைக்கும் பொருட்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள், 19,20,000 என்னும் ஏட்டெண்ணில், விதி மாற்றப்பட்டது. பெரும்பாலோர் மாறினர், சிலர் மாற மறுத்தனர். மறுத்தோர் போற்றிய கிளை எத்தீரியம் கிளாஸிக் என்னும் பெயரோடு தனி நாணயமாயிற்று. அங்குத் தோன்றிய இன்னல் மற்றொன்று. ஒருவன் ஒரு கிளையில் பணம் அனுப்பக் கையொப்பமிட்ட ஆணை, மறு கிளையிலும் செல்லுபடியாயிற்று. பணத்தைப் பெற்றவன் அவ்வாணையை அப்படியே எடுத்து மறு கிளையிலும் காட்டினால், அனுப்பியவன் அறியாமலே அவனுடைய மறு நாணயமும் பறிபோகும். ஒரு கடைக்காரனுக்கு எழுதிய காசோலை, எழுதியவனுடைய வேறொரு வங்கிக் கணக்கிலும் தானாகவே செல்லுமாயின் எவ்வளவு கேடோ, அவ்வளவு கேடு இது.

ஆகவே விதி மாற்றம் விரும்புவோர் தீர்க்கவேண்டிய வினாக்கள் மூன்று. யாவரும் ஒரே கணத்தில் மாறுவது எங்ஙனம்? மாறாது பின்தங்கியோரைத் தீங்கின்றி ஒதுக்குவது எங்ஙனம்? ஒரு கிளைக்குரிய ஆணை மறு கிளையிற் செல்லாமற் காப்பது எங்ஙனம்?

ஓவர்விண்டர்: வழியமைத்தற்கென ஒரு மேம்பாடு

ஸீகாஷின் விதி மாற்றங்களுக்குச் செடி கொடிகளின் வளர்ச்சியைக் கொண்டே பெயரிட்டனர். முதற் கண்ட நிலை 'ஸ்ப்ரௌட்', அதாவது முளை. அடுத்தது 'ஸாப்லிங்', மரக்கன்று. இவ்விரண்டிற்கும் இடையே 'ஓவர்விண்டர்' என்றொன்று வைத்தனர். கடுங்குளிர்ப் பருவத்தைச் சாகாமற் கடந்து நிற்றல் என்பது அதன் பொருள். 2018-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், 3,47,500 என்னும் ஏட்டெண்ணில், அது நடைமுறைக்கு வந்தது.

ஓவர்விண்டரால் பொதுமக்கள் பெற்ற புது வசதி மிகச் சிறிது. அதன் நோக்கமே வேறு. இனி வரும் மேம்பாடுகள் இடரின்றி நிகழ்வதற்கு வழியமைத்தலே அதன் முதற்பணி. பெருவெள்ளம் பாயவேண்டிய வாய்க்காலை, நீர் வருமுன்னரே வெட்டிக் கரைகட்டி, சிறிதளவு நீர் விட்டுச் சோதித்தல் போன்றது அது. மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் அது தந்த விடைகளை முறையே காண்போம்.

முதலாவது, மாற்றம் நிகழும் கணத்தை நாளாலும் மணியாலும் குறியாது ஏட்டெண்ணாற் குறித்தனர். கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஏட்டெண்ணோ யாவர்க்கும் ஒன்றே. அக்காலத்தில் ஸீகாஷில் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்திற்கோர் ஏடு சேர்ந்து வந்தது. நாளொன்றுக்கு 576 ஏடுகள். ஆதலின் குறித்த ஏடு எந்நாளில் வருமென்பதை ஏறக்குறையக் கணித்து, அதற்கேற்ப ஆயத்தமாகலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் தனி அடையாள எண் ஒன்று வைத்து, பண ஆணையின் கையொப்பத்திலேயே அவ்வெண் கலக்குமாறு செய்தனர். இதனால் பழைய கிளைக்கென எழுதிய ஆணை புதிய கிளையிற் செல்லாது. புதிய கிளைக்குரியது பழையதிற் செல்லாது. எத்தீரியத்தில் விளைந்த இன்னல் இங்குத் தலைகாட்ட வழியில்லையாயிற்று.

மூன்றாவது, ஒரே வலையில் இணைந்துள்ள கணினிகள், விதி மாறுவதற்கு 1,728 ஏடுகளுக்கு முன்னிருந்தே, அதாவது ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு முன்னிருந்தே, புதிய மென்பொருளை ஏற்ற தோழரை விரும்பி நாடவும், ஏலாதவரோடு உள்ள தொடர்பைச் சிறிது சிறிதாக விடவும் தொடங்கும். குறித்த ஏடு வந்தவுடன் பழையோருடன் தொடர்பு அறவே நீங்கும். கூட்டம் திடீரெனச் சிதறாது, முன்னரே ஒழுங்காகப் பிரிந்து நிற்கும்.

இவற்றோடு, பண ஆணைக்குக் காலவரையும் விதித்தனர். ஆணையொன்று இருபது ஏடுகளுக்குள், ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களுக்குள், பேரேட்டில் ஏறாவிடின் அது தானே காலாவதியாகும். பணம் உரியவனிடமே இருக்கும். அதற்கு முன்னோவெனின், கட்டணம் போதாத ஆணை ஏறவுமின்றி நீங்கவுமின்றி நெடுநேரம் இடைவழியிற் கிடப்பதுண்டு.

மற்றொரு முறையும் குறிப்பிடத் தக்கது. ஸீகாஷின் முதன்மை மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பும், வெளிவந்து ஏறத்தாழப் பதினாறு வாரங்கள் கழிந்தபின் தன் இயக்கத்தைத் தானே நிறுத்திக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தது. புதிய பதிப்பை நிறுவினாலன்றி அக்கணினி வேலை செய்யாது. ஒருவர் கவனியாது விட்ட கணினி, பழைய விதியைப் பற்றிக்கொண்டு பிழையான கிளையில் அலைந்து உரியவரை ஏமாற்றுவதைவிட, வாயடைத்து நிற்பது நன்றென்பது அவர்கள் கருத்து.

அவரவர் செய்யவேண்டிய ஆயத்தம்

முறை எத்துணைச் செம்மையாயினும், மக்கள் ஆயத்தமாகாவிடின் பயனில்லை. ஆதலின் ஓவர்விண்டருக்கு முன்னர் ஒவ்வொரு சாராரும் செய்யவேண்டுவன எடுத்துரைக்கப்பட்டன.

பேரேட்டின் படியைப் போற்றும் கணினியுடையோர், குறித்த ஏட்டெண் வருமுன் புதிய பதிப்பை நிறுவுதல் வேண்டும். புதிய ஏடுகளை ஆக்குவோராகிய அகழ்வோர்க்கு இது இருமடங்கு இன்றியமையாதது. பழைய விதியின்படி அவர்கள் ஆக்கும் ஏடு ஒருவராலும் ஏற்கப்படாது, செலவிட்ட மின்சாரமும் வீணாகும். நாணயம் மாற்றும் நிலையங்கள் விதி மாறும் வேளையில் பணம் ஏற்பதையும் கொடுப்பதையும் சிறிது நிறுத்தி, பேரேடு ஒரே வழியிற் செல்வது உறுதியானபின் மீண்டும் தொடங்குதல் நன்று. பணப்பை மென்பொருள் இயற்றுவோர்க்கு வேலை மிகுதி. ஓவர்விண்டருக்குப்பின் பண ஆணையின் வடிவமே மாறியதால், பழைய வடிவில் எழுதப்படும் ஆணைகள் யாவும் தள்ளப்படும்.

பொதுமக்கள் செய்யவேண்டுவது மூன்றே. தம் பணப்பையின் இரகசியத் திறவுகோலுக்குப் படியெடுத்துத் தனியிடத்திற் காத்தல் ஒன்று. பணப்பை மென்பொருளைப் புதுப்பித்தல் இரண்டு. விதி மாறும் தறுவாயில் பணம் அனுப்பாதிருத்தல் மூன்று. கடைசி நேரத்தில் அனுப்பிய ஆணை பழைய விதியின் கீழ் ஏறாமற்போயின் புதிய விதியின் கீழ்ச் செல்லாது; மீண்டும் அனுப்ப நேரும். இவற்றை மறந்தவர்க்கும் பணம் அழிந்துவிடாது. பணம் பேரேட்டில் உள்ளது, மென்பொருளில் அன்று. புதிய பதிப்பை நிறுவியவுடன் அஃது அவர்க்கே உரியதாய் நிற்கும்.

இவையனைத்தும் முதலிற் சோதனை வலையில் ஒத்திகை பார்க்கப்பட்டன. மதிப்பற்ற நாணயங்களைக் கொண்டு, மெய்யான வலையைப் போலவே அமைந்தது அது. அதில் 2,07,500 என்னும் ஏட்டெண்ணில் ஓவர்விண்டர் விதிகள் முன்னரே நடைமுறைக்கு வந்தன. பிழையிருப்பின் அங்கு வெளிப்படட்டும் என்பதே எண்ணம்.

மறைந்திருந்த குறை

இவ்வளவு ஆயத்தம் வீண் எச்சரிக்கையோ என ஒருவர் கருதக்கூடும். அன்றென்பதை 2018-ஆம் ஆண்டின் மற்றொரு செய்தி காட்டுகின்றது. ஓவர்விண்டருக்குரிய திட்டம் வகுக்கப்பட்டுவிட்டபின், அது நடைமுறைக்கு வருமுன், மார்ச்சு மாதம் 1-ஆம் நாள், ஸீகாஷ் கம்பெனியில் அப்போது பணியாற்றிய கணித அறிஞர் அரியேல் கேபிஸோன் திடுக்கிடத்தக்க குறையொன்றைக் கண்டார்.

அக்குறையை உணர ஒரு செய்தி அறியவேண்டும். ஸ்ப்ரௌட் நிலையில் வழங்கிய சான்று முறைக்குத் தொடக்கத்திலேயே சில அடிப்படை எண்கள் தேவைப்பட்டன. அவற்றை ஆக்கும்போது பிறக்கும் இரகசிய எண் ஒருவர் கையில் முழுதாகச் சிக்கின், அவர் பொய்ச்சான்று புனையலாம். ஆதலின் 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆறு பேர் வெவ்வேறிடங்களிலிருந்து அவ்வெண்ணின் ஒவ்வொரு பகுதியை ஆக்கி, வேலை முடிந்தபின் தத்தம் பகுதியை அழித்தனர். அறுவரில் ஒருவரேனும் நேர்மையாக அழித்திருப்பின் போதும். புனைபெயரில் இருந்த ஒருவர் தாமே என்று எட்வர்டு ஸ்னோடன் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வினையின் முழுப் பதிவும் யாவரும் சோதிக்குமாறு பொதுவில் வைக்கப்பட்டிருந்தது.

கேபிஸோன் கண்டது இதுவே. அச்சான்று முறையை வகுத்த ஆராய்ச்சிக் கட்டுரையில், அடிப்படை எண்களோடு வேண்டாத சில எண்களும் ஆக்கப்படுமாறு பிழை நேர்ந்திருந்தது. அவற்றைக் கையிற் கொண்டவன் சான்றின் ஒரு சோதனையை ஏய்த்து, இல்லாத நாணயத்தை உண்டெனக் காட்டலாம். பணப்பைகள் பயன்படுத்திய கோப்பில் அவ்வெண்கள் இல்லை. பொதுவில் வைத்த பதிவிலோ இருந்தன. இரகசியம் காக்க அறுவர் பட்ட பாடு ஒருபுறமிருக்க, கதவுக்குரிய மற்றொரு திறவுகோல் யாவரும் எடுக்குமாறு முற்றத்திற் கிடந்தது போலாயிற்று. பல அறிஞர் கண்ணுக்கும் தப்பி அது கிடந்தது.

பிட்காயினிலும் இதனையொத்த குறை ஒருமுறை நேர்ந்ததுண்டு. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள், 74,638 என்னும் ஏட்டில், எண்கணக்குப் பிழையொன்றைப் பயன்படுத்தி ஒருவர் ஏறத்தாழ 18,446 கோடி நாணயங்களைத் தோற்றுவித்தார். பேரேடு திறந்திருந்தமையால் அப்பெருந்தொகை உடனே பிறர் கண்ணிற் பட்டது. சில மணி நேரத்தில் திருத்தம் வெளிவந்து, அவ்வேடு தள்ளப்பட்டு, கள்ள நாணயமும் மறைந்தது. ஸீகாஷின் நிலையோ வேறு. மறைவான முகவரியிற் கள்ள நாணயம் பிறப்பின், அதனைக் காணும் கண் எவர்க்கும் இல்லை. மக்களின் மறைவைக் காத்த திரையே கள்வனையும் காக்கும். எனவே குறையை வெளியிட்டுப் பின் திருத்துதல் இயலாது; திருத்திய பின்னரே வெளியிடுதல் வேண்டும்.

ஸாப்லிங்கும் அதன்பின் வந்த வெளியீடும்

கேபிஸோன் முதலில் தம் உடன் பணியாளராகிய ஷான் போ என்பாரிடம் இதனைக் கூறினார். பின்னர் கம்பெனித் தலைவர் ஸூக்கோ வில்காக்ஸ், நேதன் வில்காக்ஸ் ஆகியோர்க்கும் தெரிவிக்கப்பட்டது. திருத்தம் நிறைவேறும்வரை இந்நால்வரன்றிக் கம்பெனியில் வேறொருவரும் இதனை அறியார். பொதுவில் இருந்த பதிவு நீக்கப்பட்டது. அது தவறுதலாய் அழிந்துவிட்டதெனக் காரணமும் கூறப்பட்டது.

திருத்தமோ, ஏற்கெனவே ஆயத்தமாகி வந்த ஸாப்லிங் மேம்பாட்டிலேயே அடங்கிற்று. ஸாப்லிங்கின் பகிரங்க நோக்கம் விரைவும் எளிமையும். முன்னர் மறைவான ஆணையொன்றை ஆக்க மூன்று கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகம் வேண்டியிருந்தது. ஸாப்லிங்கிற்கு 40 மெகாபைட் அளவே போதும். அதற்கெனப் பிழையற்ற வேறொரு சான்று முறையும், நூற்றுக்கு அணித்தான பலர் கலந்துகொண்டு ஆக்கிய புதிய அடிப்படை எண்களும் அமைந்தன. பழைய ஸ்ப்ரௌட் முகவரிகளின் ஆணைகளும் அப்புதிய முறையாலேயே சோதிக்கப்படுமென ஒரு விதி உடன் சேர்ந்தது. அவ்விதியின் உட்காரணம் மட்டும் வெளியிடப்படவில்லை.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள், நாணயம் பிறந்த இரண்டாம் ஆண்டு நிறைவில், 4,19,200 என்னும் ஏட்டெண்ணில் ஸாப்லிங் நடைமுறைக்கு வந்தது. கணினிகள் முன்போலவே பிளவின்றி மாறின. முற்றத்திற் கிடந்த திறவுகோல் அக்கணமே பயனற்றதாயிற்று. அதே மென்பொருளைத் தழுவிய வேறிரு நாணயத்தார்க்கு நவம்பர் மாதத்தில் செய்தி இரகசியமாய்த் தெரிவிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் நாள் ஸீகாஷ் கம்பெனி குறை, திருத்தம், மறைத்த செய்தி, மறைத்தற்குக் கூறிய பொய்க்காரணம் ஆகிய அனைத்தையும் உலகறிய வெளியிட்டது.

கள்ள நாணயம் எவரேனும் செய்தனரா? செய்ததற்கு அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்பது கம்பெனியார் கூற்று. இதற்கு ஒரு கணக்குச் சான்றும் உண்டு. ஸ்ப்ரௌட் முகவரியிலுள்ள பணத்தை ஸாப்லிங் முகவரிக்கு மாற்ற விரும்புவோர், இடையே வெளிப்படையான பகுதி வழியாகவே செல்லவேண்டும். திருவிழாவில் ஒவ்வொருவராய் எண்ணி விடும் சுழல்வாயில் போல, அங்குத் தொகை வெளிப்படும். ஸ்ப்ரௌட்டில் நுழைந்த மொத்தத்தைவிட வெளியேறிய மொத்தம் மிகுமாயின் கள்ள நாணயம் உண்டென்பது திண்ணம். அவ்வாறு மிகவில்லை, இனி மிகுவிக்கும் எந்த ஏட்டையும் ஏலாது தள்ளுமாறு பின்னர் ஒரு விதியும் செய்யப்பட்டது. எனினும் எஞ்சிய நாணயம் முழுவதும் வெளியேறினாலன்றி இச்சான்று முற்றுப்பெறாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆராய்தற்குரிய வினா

ஈண்டு மாணவ நண்பர்கள் ஊன்றிச் சிந்திக்கவேண்டிய வினாவொன்று உளது. எவரையும் நம்பவேண்டா, கணிதத்தை மட்டும் நம்புக என்பதே இவ்வகை நாணயத்தின் கோட்பாடு. அங்ஙனமாக, எட்டு மாத காலம் அதன் நேர்மை நால்வருடைய நாவடக்கத்தையும் நன்னெறியையுமே பற்றி நின்றது. அவருள் ஒருவர் பேராசைக்கு இடங்கொடுத்திருப்பின் யார் அறிவார்? அன்றியும், உண்மையைக் காக்கப் பொய்க்காரணம் கூறுதல் முறையா?

ஒரு சாரார், செய்தி ஒருநாள் முன்னதாகக் கசிந்திருப்பினும் பதிவைப் படியெடுத்து வைத்திருந்த எவனும் கள்ள நாணயம் செய்திருப்பான். ஏதுமறியாத மக்களே இழந்திருப்பர். ஆதலின் மறைத்தது கடமையே என்பர். மற்றொரு சாரார், தம் பொருளுக்கு வந்த இடரை அறியும் உரிமை பொருளுடையார்க்கு உண்டு. அதனை அறியாமலே அவர்கள் எட்டு மாதம் அந்நாணயத்தை வாங்கவும் விற்கவும் விடப்பட்டனர் என்பர். எம் கருத்து முன்னவரைச் சார்ந்தது. ஆயினும் ஒரு வரையறை வேண்டும். மறைவு திருத்தத்தின் பொருட்டாக மட்டும் இருத்தல் வேண்டும். திருத்தம் முடிந்தபின் மறைத்தது முழுவதும், கூறிய பொய்யும் உட்பட, ஒளிவின்றி வெளிவருதல் வேண்டும். இவ்வரலாற்றில் அவ்விரண்டும் நிகழ்ந்தன.

ஆயினும், நால்வரும் நல்லவராயிருந்தது மட்டும் போதியதன்று. அவர்கள் நல்லவராயிருந்தும், வலை முழுவதையும் குறித்த ஏட்டெண்ணில் அமைதியாக மாற்றும் வழி அமைந்திராவிடின் என்ன செய்திருப்பர்? உலகெங்குமுள்ள கணினிகளுக்கு, 'உடனே மாறுக. காரணம் கேளற்க' என்று அவசர அறிவிப்பு விடுத்திருப்பர். அவ்வவசரமே கள்வனுக்குக் குறிகாட்டியிருக்கும், பேரேடும் பிளந்திருக்கும். குறை கண்டபின் வழி தேடாது, குறை காணுமுன்னரே வழி வகுக்கத் தொடங்கியிருந்தமையாற்றான் திருத்தம் ஆரவாரமின்றி நிறைவேறிற்று.

முடிவுரை

அதன்பின் வந்த மேம்பாடுகள் யாவும் அவ்வழியே சென்றன. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து 'பிளாஸம்', அதாவது மலர்ச்சி, ஏடு சேரும் இடைவெளியை 150 விநாடியிலிருந்து 75 விநாடியாகக் குறைத்தது. 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'ஹார்ட்வுட்', அதாவது மரத்தின் வயிரம், வந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்து 'கனோப்பி', அதாவது தழைக்கவிகை, பழைய ஸ்ப்ரௌட் பகுதியிற் புதுப்பணம் இடுவதைத் தடுத்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், 16,87,104 என்னும் ஏட்டெண்ணில், ஐந்தாம் மேம்பாடு என எண்ணாற் பெயர்பெற்ற ஒன்று நிகழ்ந்தது. அதனால் தோன்றிய 'ஆர்ச்சர்டு', அதாவது பழத்தோட்டம், என்னும் பகுதியின் சான்று முறைக்கு இரகசிய எண்ணை ஆக்கி அழிக்கும் வினையே வேண்டுவதில்லை. அறுவரையோ நூற்றுவரையோ நம்பவேண்டிய நிலை அப்பகுதியில் அடியோடு நீங்கிற்று.

ஓவர்விண்டரை வகுத்தோர் மறைந்திருந்த குறையை அறியார். வரவிருந்த இடர் இன்னதென்று தெரிந்து அவர்கள் ஆயத்தமானாரல்லர். இடரென ஒன்று வருமென்பதை மட்டும் தெரிந்து ஆயத்தமாயினர். தேர்வில் வரும் வினாவை முன்னறிந்து படிக்கும் மாணவன் அவ்வொரு வினாவுக்கே விடை எழுதுவான். பாடத்தை முறையே பயின்றவன் எவ்வினாவுக்கும் அஞ்சான். ஓவர்விண்டர் நிகழ்ந்த நாளில் அதனால் ஒருவருக்கும் கண்கூடான பயன் விளையவில்லை. நான்கு திங்கள் கழித்து நாணயம் முழுவதையும் காத்தது அதுவே. இடர் கண்ணிற் படுமுன் அமைதியாகச் செய்யப்படும் பணியே இடர் வந்த நாளில் துணையாகும் என்பது இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.